பாலத்துக்கு அப்பால் காஞ்சனபுரி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தாய்லாந்தின் மேற்கே, பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், குவே யாய், குவே நோய் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் காஞ்சனபுரி இருக்கிறது. ஊரைத் தாண்டிவிட்டால் கரும்பு வயல்களும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும்தான். பாலத்தில் ஒரு நடை, ஒரு மதிய உணவு, ஒரு படகுச் சவாரி, இருட்டுவதற்குள் தலைநகருக்குத் திரும்புதல் என்று முடிந்துவிடும் ஒருநாள் சுற்றுலாவாகவே இவ்வூர் பெரும்பாலும் விற்கப்படுகிறது. அதற்கு மேலும் அங்கே பார்ப்பதற்கு உண்டு என்பதையும், அதில் ஒரு பகுதி தமிழர்களாகிய நமக்கு நேரடியாக உரியது என்பதையும் சொல்வதற்காகவே இந்த மேடைக்கு வந்தேன்.

பாலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைந்த மேற்சட்டம் கொண்ட இரும்புக் கண்கள் இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கொண்டுவந்து பொருத்தியவை. நடுவே நேர்கோட்டுச் சட்டத்துடன் நிற்கும் இரண்டும், 1945இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்த பகுதிக்கு மாற்றாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. இந்தப் பாலத்தை உலகப் புகழுக்குக் கொண்டுவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படம் இங்கே எடுக்கப்படவில்லை, இலங்கையின் கித்துல்கலயில் எடுக்கப்பட்டது. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தேடிய பெயரில் பாலத்தின் கீழே ஆறு ஓடாததால், மே குளோங் ஆற்றின் மேற்பகுதிக்கே பிற்பாடு குவே யாய் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். சுற்றுலாவுக்காக ஓர் ஆற்றின் பெயரையே மாற்றிய ஊர், தன் மண்ணில் மாண்டவர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்றுவரை அறியாது.

பர்மாவிலிருந்த தன் படைகளுக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்ட நிலையில், ஜப்பானிய இராணுவம் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் இறந்தனர். காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகின்றனர். வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு வெண்கலத் தகடு. அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, பல தகடுகளில் அடியில் குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஒரு வரி. இருபது, இருபத்திரண்டு என்ற வயதுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு செல்பவர் யாரும் அங்கே வேகமாக நடப்பதில்லை.

ஆனால் அந்தப் பாதையில் உழைத்தவர்களில் போர்க்கைதிகள் சிறுபான்மையினரே. மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர் சுமார் 2 லட்சம் பேர் இருந்தனர் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலி ஆசை காட்டியும், சில இடங்களில் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவைத்து வளைத்துப் பிடித்தும், தமிழர்களை ரயிலேற்றினார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய சொந்த மருத்துவர்கள் இருந்தனர், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கக் கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர், இறந்தவரின் பெயரை மறைவாகவேனும் குறித்துவைக்கக் கைகள் இருந்தன. அத்தாப்பு என்னும் ஓலைக் குடிசைகளில் அடைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. போர் முடிந்தபின் கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் குறிப்பேடுகளுடன் காட்டுக்குள் சென்ற குழுக்கள், தொழிலாளரின் குழிகளைத் தேடிப் போகவில்லை. ஒரு சாராருக்கு வெண்கலத் தகடும் மறு சாராருக்கு வெறும் மண்ணும் வாய்த்ததற்குக் காரணம் காடோ காலராவோ அன்று; யாரை எண்ணுவது என்ற முடிவுதான்.

1990இல் ஊரருகே ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் வெளிப்பட்டன. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே உள்ள வாட் தாவோன் வராராம் என்னும் பௌத்தக் கோயிலின் வளாகத்தில், பெயர் தெரியாத தொழிலாளரின் எச்சங்கள் மீது எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் அண்மையில் அங்கே ஒரு நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். பாலத்துக்கு அருகில் 1944இல் ஜப்பானிய இராணுவமே கட்டிய நினைவுத்தூணில், இறந்த தொழிலாளருக்காகப் பதித்த பலமொழிக் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. கொன்றவர்கள் எழுதிய தமிழ் என்பதை மறவாமல் அதைப் படிக்க வேண்டும்.

இனி ரயிலில் ஏறுங்கள். பழைய பாதையில் 'நாம் தோக்' என்னும் நிலையம் வரையுள்ள பகுதியில் இன்றும் வண்டி ஓடுகிறது. தாம் கிராசே என்ற இடத்தில் பாறைச்சரிவை ஒட்டி, ஆற்றின் மேல் நிற்கும் மரக்கட்டுப் பாலத்தில் வண்டி நத்தையாக ஊர்கிறது; ஒரு பக்கச் சன்னலில் கைநீட்டினால் பாறை, மறுபக்கம் கீழே குவே நோய். அதற்கு முன்பே வரும் தா கிலென் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் முவாங் சிங். செம்புரைக்கல் மதிலும் நடுக்கோபுரமும் கொண்ட இந்தப் பழங்காலக் கெமர் நகரம், கம்போடியாவின் அங்கோரை ஆண்ட ஏழாம் ஜெயவர்மனின் காலக் கலைமரபைச் சேர்ந்தது. அங்கோரில் உள்ள 1191ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் ஜெயசிம்மபுரி இதுவே என்று கருதுவோர் உண்டு. உடலெங்கும் சிறு புத்தர் உருவங்கள் செறிந்த அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் சிலை இங்கே கிடைத்தது. அங்கோரைப் பார்த்தவர்களுக்குச் சிற்பம் குறைவாகத் தோன்றலாம். கூட்டம் இல்லை என்பதே இதன் பெரிய வசதி.

கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில், ஒரு கூரையின் கீழ் அகழ்ந்த குழி அப்படியே காக்கப்பட்டுள்ளது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் பானைகளும் அணிகலன்களும் சூழக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களைப் புதைத்தவர்கள் உடன் வைத்த பொருள்களை எவ்வளவு கருத்தோடு தேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, அந்தக் கரும்புத் தோட்டத்தை என்னால் நினையாமல் இருக்க முடியவில்லை.

இதே வட்டாரத்தில் பான் காவ் என்ற சிற்றூர் உள்ளது. டச்சுக்காரரான வான் ஹீக்கரன் தொல்லியல் அறிந்தவர். போர்க்கைதியாக இந்தப் பாதையில் மண் சுமந்தபோது, தோண்டிய மண்ணில் கிடந்த கல்லாயுதங்களை இனங்கண்டு எடுத்துவைத்துக்கொண்டார். அரை வயிற்றுச் சோற்றில், காவலர் கண்ணெதிரே ஒருவர் அதைச் செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அந்தத் தடயம்தான் 1960 முதல் 1962 வரை தாய்லாந்து, டென்மார்க் அறிஞர்கள் இங்கே கூட்டாக அகழாய்வு செய்ய வழிகாட்டியது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதிய கற்கால மக்களின் புதைகுழிகளும் மூன்று கால் கொண்ட மட்பாண்டங்களும் வெளிவந்தன. அவற்றைப் பான் காவ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து இந்தப் பாதையில் புறப்படும் வண்டிகள் நாளுக்கு இரண்டே என்பதால் ஒரே நாளில் இவை அனைத்தும் கூடிவரா. காஞ்சனபுரியில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் காலையில், பாலத்துக்குப் போகுமுன், வாட் தாவோன் வராராமுக்குப் போய்விட்டு வாருங்கள்.