சுவரில் ஒரு கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

கண் முகாம் என்றதும் உங்களுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், நீளமான வரிசை, சுவரில் மாட்டிய எழுத்து அட்டை, கையில் டார்ச்சோடு டாக்டர். அந்த அட்டைக்கு ஆறு மீட்டர் தள்ளி ஆளை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, பார்வையை அளந்து சீட்டில் எழுதுவது என் வேலை. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பஸ் போகாத ஊர்கள், ஆற்றைக் கடந்து போகும் ஊர்கள், ஜீப் நின்ற இடத்திலிருந்து பெட்டிகளைத் தலையில் சுமந்து ஏறிய ஊர்கள் என்று எவ்வளவோ பார்த்தாயிற்று.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த வரிசையில் நின்றவர்களைப் பற்றி அல்ல. வராமல் போனவர்களைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் உட்கார்ந்து சீட்டுகளை எண்ணுவோம். இருநூறு, முந்நூறு என்று வந்தால் முகாம் நன்றாக நடந்தது என்று திருப்தியோடு வண்டி ஏறுவோம். அப்புறம் ஓர் ஆய்வைப் படித்தேன். தென்னிந்தியக் கிராமங்களில் செய்து 1999-ல் வெளியிட்டது. கண்ணில் குறை இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை என்று அதில் இருந்தது. நூறு பேருக்குத் தொண்ணூற்று மூன்று பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சீட்டுகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொண்ணூற்று மூன்று பேர் ஞாபகம்தான்.

அப்படி வீட்டோடு இருந்த ஒருவரை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். ஒருமுறை முகாம் முடிந்த மறுநாள், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரோடு தெருத் தெருவாக நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் நின்று, "கண்ணு சரியா தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். "அப்படி யாரும் இல்லைங்க" என்றார் அந்த வீட்டுப் பெண். திரும்பப் போகும்போதுதான் உள்ளே இருந்த சுவரைக் கவனித்தேன். வெள்ளைச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கறுப்புக் கோடு. கட்டிலுக்குப் பக்கத்தில் தொடங்கி, கதவு நிலையைச் சுற்றி, பின்கட்டு வரை போயிருந்தது. கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"அதுவா, எங்க அத்தை கைபட்ட அழுக்கு. சுவரைப் பிடிச்சுக்கிட்டேதான் நடப்பாங்க. வயசாயிடுச்சு இல்லையா?"

அவர் எதையும் மறைக்கவில்லை. வயதானால் பார்வை போகும் என்பது அவருக்கு முடி நரைப்பது மாதிரி. அதை நோய் என்று அவர் நினைக்கவே இல்லை. அதனால்தான் "யாரும் இல்லை" என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் எண்ணத் தெரியவில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைச் சரியாகச் சொன்னார். அது நல்ல அறிகுறி. புரைக்குப் பின்னால் விழித்திரை வேலை செய்கிறது என்று நம்பலாம்.

"எனக்கெதுக்குப்பா இனிமே கண்ணு? இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிக்கிறேன்" என்றார்.

இதே பதிலை நான் எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் வேறு விஷயங்கள் வெளியே வரும். கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம். கூட வருகிறவருக்கு இரண்டு நாள் கூலி போகுமே என்ற கவலை. பேரப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற யோசனை. பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வீட்டு ஆணுக்குக் கண் மங்கினால் வேலை போய்விடும் என்று உடனே கிளம்புவார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் அம்மாவுக்கு, பாட்டிக்கு, அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம். உலகத்தில் பார்வைக் குறையுள்ளவர்களில் 55 சதவீதம் பெண்கள். பெண்கள் அதிக காலம் வாழ்வதும் ஒரு காரணம்தான். ஆனால் சிகிச்சை அவர்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேருகிறது என்பதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பழைய நம்பிக்கை, "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படிச் சொன்னார்கள். அன்றைய அறுவை முறைக்கு அது தேவைப்பட்டது. இன்றைக்குத் தேவையில்லை. அதிகமாக முத்திய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். தாங்க முடியாத வலி வரும், பார்வை திரும்பாமலே போகவும் வாய்ப்பு உண்டு. யாராவது முத்தட்டும் என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, அந்த அம்மா எப்படி வந்தார்? நான் பேசி வரவில்லை. அதே ஊரில் முன்பே ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியவர் வந்து, அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு என்ன செய்தார்கள், எங்கே வலித்தது, எங்கே வலிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசலுக்கே வண்டி வந்தது. சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்று உறுதியானது. அதன் பிறகுதான் சம்மதித்தார். சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதாது. வண்டி, சாப்பாடு, துணை, இவற்றுக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லாத முகாம் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் பயன்படும்.

அறுவை என்னவோ சில நிமிட வேலை. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸை வைப்பார்கள். பெரும்பாலும் தையலே வேண்டாம். இந்தச் செயற்கை லென்ஸை லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலில் வைத்தது 1949-ல். ஏழைகளுக்கு அது கிடைக்க நாற்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் இருட்டுதான். 1992-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். நேபாளத்தில் டாக்டர் சந்துக் ருயித்தும் அவருடைய குழுவினரும் அதே வழியில் போனார்கள். லென்ஸ் விலை பல மடங்கு இறங்கியது. மலைக்கு மேலே இருக்கிற மூதாட்டியின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போனது அப்படித்தான்.

ஆனால் லென்ஸ் வைத்ததோடு வேலை முடிவதில்லை. இதை நான் என் கண்ணாலேயே பார்த்து வருந்தியிருக்கிறேன். நான் உதவிக்குப் போயிருந்த ஒரு முகாமில் ஆப்பரேஷன் முடிந்தவர்களைச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்க யாரும் போகவில்லை. பிறகு தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது ஒருவரைச் சந்தித்தேன். மருந்து முதல் வாரத்திலேயே தீர்ந்துபோய், வேறு வாங்காமல் விட்டிருந்தார். கண் சிவந்து, வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் வண்டி ஏறிப் போய்விட்டன. அந்தக் குற்றவுணர்ச்சி என்னை இன்னும் விடவில்லை.

அதனால்தான் முகாமைவிட நிரந்தரமான சின்ன மையங்களை நான் பெரிதாக நம்புகிறேன். ஒரே ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒருவர், கண்ணைப் பார்க்க ஒரு கருவி, தூரத்தில் இருக்கும் டாக்டரோடு பேச இணைய வசதி. இவ்வளவு இருந்தால் நூறு பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றை ஊரிலேயே தீர்த்துவிடலாம். முகாம் வருடத்துக்கு ஒரு நாள் வரும். கண்ணில் நெல் உமி குத்துவது முகாம் தேதி பார்த்தா நடக்கிறது? அப்படிக் குத்தியவர் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு நாலு நாள் இருந்தால், கருவிழியில் புண்ணாகி, பூ விழுந்து, பார்வையே போய்விடலாம். அன்றே மையத்துக்குப் போனால் சில நாள் மருந்தோடு முடிந்துவிடும். நீரிழிவால் விழித்திரை கெடுவதும், கண் நீர் அழுத்த நோயும் இன்னும் மோசம். ஆரம்பத்தில் வலி இருக்காது, மங்கலும் இருக்காது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். போன பார்வை திரும்பாது. இவர்களை வருடா வருடம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு அங்கேயே ஒருவர் இருந்தாக வேண்டும்.

சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்பது தாண்டிய எல்லோருக்கும் அது தேவைப்படும் காலம் வரும். அசாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களில் பாதிப் பேருக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். ஆப்பரேஷன் இல்லை, மருந்து இல்லை, வெறும் கண்ணாடி! உலகத்தில் 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை இருக்கிறது, அதில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த 100 கோடியில் பெரும்பங்கு, கிட்டத்தில் இருப்பது தெரியாமல் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறவர்கள்தான்.

அந்த அம்மாவை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என் முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டி, "பாருப்பா, சுவரை எப்படி அழுக்கு பண்ணி வெச்சிருக்காங்க" என்று குறைப்பட்டார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

நேயர்களே, இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பார்வை மங்கியவர்களும் இருப்பீர்கள். வானொலிதான் உங்களுக்குப் பெரிய துணை என்று எனக்குத் தெரியும். இப்போதே ஒரு காரியம் செய்வோம். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள், அழுத்த வேண்டாம். தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கதவு, மரம், நாட்காட்டி, எதுவானாலும் சரி. அடுத்து இடது கண்ணை மூடி அதையே பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி தெரிகிறதா? ஒரு கண் மங்கியிருந்தால் இன்னொன்று அதைச் சமாளித்துவிடும், வருடக்கணக்கில் நமக்கே தெரியாது. வித்தியாசம் இருந்தால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். நன்றாகத் தெரிகிறவர்கள், வீட்டில் இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு இதையே செய்யச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.