கையில் என்ன இருந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

நாளை குடியரசு தினம். அதையொட்டி வீரப் பதக்கங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் என்.சி.சி. ஆசிரியராக இருந்தவன் நான். பதக்கம் என்றாலே பையன்கள் பரம்வீர் சக்ராவைத்தான் கேட்பார்கள். அது போர்க்களத்தில் எதிரிக்கு முன்னால் நின்றவர்களுக்கு உரியது. எனக்கு மனம் ஒட்டியது அசோக சக்ராவில்.

1952 ஜனவரி 4 அன்று அதை ஏற்படுத்தினார்கள். அப்போது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ரயில் பெட்டி மாதிரி பிரித்திருந்தார்கள். 1967-இல் வகுப்புகளை எடுத்துவிட்டு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று பெயர் வைத்தார்கள். நல்ல காரியம். உயிரைப் பணயம் வைத்தவரை 'மூன்றாம் வகுப்பு' என்று எந்த வாயால் சொல்வது?

போர்முனை அல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு இது. படைவீரர் மட்டுமல்ல, போலீஸ்காரர், பொதுமக்கள், யாரும் பெறலாம். 2014-இல் காஷ்மீரில் உயிர்நீத்த நம் மேஜர் முகுந்த் வரதராஜனை இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது கையில் துப்பாக்கி இல்லாமலே அசோக சக்ரா பெற்றவர்களைப் பற்றி.

2001 டிசம்பர் 13. டெல்லி நாடாளுமன்ற வளாகத்தில் ஒரு வாசலில் கமலேஷ் குமாரி என்ற சி.ஆர்.பி.எஃப். பெண் காவலர் நிற்கிறார். கையில் வாக்கி டாக்கி மட்டும். உள்துறை அமைச்சக ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசிடர் ஒன்று வருகிறது. விசாரிக்கப் போனவருக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. திரும்பி ஓடி வாசலை அடைக்கிறார். கத்தி மற்றவர்களை எச்சரிக்கிறார். அந்தக் குரலை அடக்கத்தான் அவரைச் சுட்டார்கள். உள்ளே எம்.பி.க்கள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். காரில் வந்த ஐந்து தீவிரவாதிகளில் ஒருவன்கூடக் கட்டடத்துக்குள் நுழையவில்லை.

மும்பையில் துக்காராம் ஓம்பளேயின் கையில் இருந்தது லத்தி. உதவி சப்-இன்ஸ்பெக்டர். 2008 நவம்பர் 26 இரவு, நகரைத் தாக்கிய தீவிரவாதிகளில் இருவர் வந்த காரைச் சௌபாட்டி கடற்கரைப் பக்கம் போலீஸார் மறித்தார்கள். அதில் இருந்த கசாப் ஏ.கே. 47 துப்பாக்கியை நீட்டியதும், அதன் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் ஓம்பளே. குண்டு வயிற்றில் பாய்கிறது, பிடி விடவில்லை. அந்த நேரத்துக்குள் மற்ற போலீஸார் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். வந்த பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்டவன் அவன் ஒருவன்தான். அந்த வழக்கே அந்தப் பிடியில்தான் நின்றது என்பேன்.

1986 செப்டம்பரில், கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்துக்குள் நீரஜா பனோட்டிடம் அதுவும் இல்லை. மும்பையில் வளர்ந்த பெண். அமெரிக்கப் பயணிகளைத் தனியே பிரிக்கக் கடத்தல்காரர்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார்கள். சேகரிக்கும் சாக்கில் அவரும் சக பணிப்பெண்களும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை ஒளித்துவிட்டார்கள். பதினேழு மணி நேரம் கழித்துத் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது அவசரக் கதவைத் திறந்தார். முதலில் தானே குதித்திருக்கலாம். பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். இருபத்து மூன்றாவது பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டே நாள். பாகிஸ்தானும் அவருக்கு விருது தந்தது.

பதக்கம் பொன் முலாம் பூசிய சிறு வட்டம், குறுக்கே ஒன்றரை அங்குலம்கூட இல்லை. நடுவில் சக்கரம், சுற்றிலும் தாமரை. பச்சை நாடா, மத்தியில் காவிக் கோடு. எல்லா வருஷமும் கொடுப்பதில்லை. கொடுக்கும் வருஷங்களில், கொடியேற்றம் முடிந்ததும், அணிவகுப்புக்கு முன்னால், நடந்ததை வாசிப்பார்கள். டாங்கிகளின் இரைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். வாசிப்பு முடிந்ததும் பல நேரம் ஒரு மனைவியோ தாயோ எழுந்து குடியரசுத் தலைவரை நோக்கி நடப்பார். அந்தக் காலடிச் சத்தம் வானொலியில் கேட்காது.

வணக்கம்.