கால் அசைந்தால்தான் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

இயன்முறை மருத்துவம் பார்க்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "பையன் எந்நேரமும் கேம்லயே கெடக்கறான் சார், கீழ இறங்கி விளையாடவே மாட்டேங்கறான்." போன மாதம் ஒரு அப்பா வேறு மாதிரி கேட்டார். "உடம்பை அசைச்சு ஆடுற கேம் இருக்காமே, அதை வாங்கிக் கொடுத்தா உடற்பயிற்சி ஆயிடுமா?" ஆகும். ஆனால் வாங்கிக் கொடுப்பதால் மட்டும் ஆகாது. ஏன் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த வகை விளையாட்டு புதிதல்ல. தரையில் அம்புக்குறிகளை மிதித்து ஆடும் நடன விளையாட்டைக் கொனாமி நிறுவனம் 1998-லேயே ஜப்பானில் கொண்டுவந்தது. வீடு வீடாகப் பரவியது 2006-க்குப் பிறகு, நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' என்ற வீடியோ கேம் கருவி வந்தபோது. அதன் ரிமோட்டுக்குள் அசைவின் வேகமாற்றத்தை உணரும் ஒரு சின்னச் சில்லு இருந்தது. டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல் கையை வீசினால், திரையில் இருக்கும் ஆள் பந்தை அடிப்பான். மறு ஆண்டே, ஏறி நின்று ஆடும் ஒரு பலகையோடு 'வீ ஃபிட்' என்ற உடற்பயிற்சி விளையாட்டு வந்தது. அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ வீட்டில் தினமும் தன் எடையைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கத்திலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிமோட்டுக்குத் தெரிந்தது ரிமோட்டின் அசைவு மட்டும்தான். நீங்கள் நிற்கிறீர்களா, சோபாவில் சாய்ந்திருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினாலே பந்து பறக்கும். பிள்ளைகள் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஜெயிக்கத்தானே ஆடுகிறார்கள்! ஆனால் நம் உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை வேலை செய்யாமல் மூச்சும் அவ்வளவாக வாங்காது, நெஞ்சுத் துடிப்பும் பெரிதாக ஏறாது.

இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயது வரையுள்ள 11 பிள்ளைகளை வைத்து இதை அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். உட்கார்ந்து ஆடுவதைவிட, வீயில் ஆடும்போது செலவான சக்தி குறைந்தது 51 சதவீதம் அதிகம். நல்ல செய்திதான். ஆனால் அதே விளையாட்டை மைதானத்தில் நிஜமாக ஆடினால் ஆகும் செலவுக்கு அது பக்கத்தில்கூட வரவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2012-ல் வெளியான, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஆய்வு. 9 முதல் 12 வயதுக்குள் 78 பிள்ளைகள். எல்லோருக்கும் வீ கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடம்பை அசைத்து ஆடும் விளையாட்டுகள், மீதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகள். இவ்வளவு நேரம் ஆடு என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பில் அசைவை அளக்கும் ஒரு கருவியைக் கட்டி, 13 வாரத்தில் அவ்வப்போது அளந்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஓட்டம் ஆட்டத்தில் வித்தியாசமே இல்லை! புதுசு பழசாகும்போது ஆர்வம் வடிந்திருக்கலாம். இங்கே ஆடிய களைப்பில் வேறு நேரம் ஓடாமல் இருந்திருக்கலாம். நான் புரிந்துகொண்டது இதுதான்: கருவியைக் கையில் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டால், அது அலமாரிக்குப் போய்விடும்.

அதனால் அந்த அப்பாவிடம், "நீங்களும் கூட நின்று ஆடுங்கள்" என்றேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம். டென்னிஸைவிடக் குத்துச்சண்டை மேல், இரண்டு கையும் ஓயாமல் ஓடும். நடனம் அதைவிட மேல், கால் நிற்கவே நிற்காது. போதுமான அளவு ஆடுகிறோமா என்று திரையில் ஏறும் புள்ளிகளைப் பார்க்காதீர்கள். ஆடிக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உடற்பயிற்சியின் அளவு. பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிட ஓட்டம் ஆட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இருபது நிமிடம் அதில் ஒரு பங்கு. மாலையில் பந்தோடு தெருவுக்குப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டுத் திரைமுன் நிறுத்திவிடாதீர்கள்.

கால் அசையாமலே ஆடிவிடுகிற பிரச்சினைக்கு, 2019-ல் வந்த 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' என்ற விளையாட்டு ஒரு வழி கண்டது. தொடையில் ஒரு பட்டை கட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஓடினால்தான் திரையில் இருப்பவரும் ஓடுவார். அடுக்குமாடியில் தம்தம் என்று குதித்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பாரே! அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஓட்டத்துக்குப் பதில் உட்கார்ந்து எழுகிற முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் அந்த முறையைத் தொடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி தேவை. வீட்டில் யாரிடமாவது அந்தப் பழைய வீ பலகை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதன் நான்கு மூலையிலும் எடை உணரிகள் உண்டு. நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைத் திரையில் காட்டிவிடும். ஆனால் முன்னால் ஒரு கனமான நாற்காலி, பிடித்துக்கொள்ள. பக்கத்தில் ஓர் ஆள். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஏறவே கூடாது.

இன்னொன்று, அளவு. 2007-ல் ஸ்பெயினில் 29 வயது மருத்துவர் ஒருவர் தூங்கி எழுந்ததும் தோளில் கடும் வலி. விளையாடிக் காயம் பட்டதாக அவருக்கு நினைவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, முந்தின நாள் மணிக்கணக்காக வீயில் டென்னிஸ் ஆடியிருக்கிறார். நிஜ மட்டைக்கு எடை உண்டு, கை தானாகவே களைத்து நிறுத்தச் சொல்லும். ரிமோட்டுக்கு அந்த எடை இல்லை. ஆகவே முதல் வாரம் பத்து நிமிடம் போதும். டீப்பாயை ஓரமாகத் தள்ளுங்கள். ரிமோட்டின் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். வீ வந்த புதிதில் கயிறு அறுந்து ரிமோட் பறந்ததால், அந்த நிறுவனம் 32 லட்சம் கயிறுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த அப்பா போன வாரம் போன் செய்தார். பையன் அவரைத் தினமும் தோற்கடிக்கிறானாம். எட்டு மணி ஆனால் அவன்தான் வந்து, "அப்பா, எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறானாம்.

நன்றி, வணக்கம்.