முயல் மேய்ந்தால்தான் இந்தப் பறவைக்கு வாழ்வு: வீட்டிங் ஹீத்

[காட்சி: உயரத்திலிருந்து, கட்டையான புல்வெளி, சுற்றிலும் பைன் மரங்கள்]

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில், பிராண்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது வீட்டிங் ஹீத். ஆடு மேய்ந்து முடித்த தரிசு மாதிரி தெரிகிறதா? இது ஒரு தேசிய இயற்கைக் காப்பகம். நார்ஃபோக் வனவுயிர் அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது.

பிரெக்லாண்ட் என்ற இந்த வட்டாரமே மணல் பூமி. மழை குறைவு, சத்தும் குறைவு. 12-ஆம் நூற்றாண்டில், பிரான்ஸ் பக்கமிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்திருந்த நார்மன்கள் இறைச்சிக்கும் தோலுக்குமாக இங்கே முயல் வளர்க்க ஆரம்பித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் முயல்கள் கொறித்துக் கொறித்தே புல் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

[காட்சி: கற்களுக்கு நடுவே அசையாமல் ஒரு பறவை. பெரிய மஞ்சள் கண்]

அந்தக் கட்டைப் புல்லை நம்பி வருகிற விருந்தாளி ஸ்டோன் கர்லூ. நம் ஊர்க் கண்கிலேடிக்கு நெருங்கிய சொந்தம். பகலில் அசையாமல் இருக்கும். இருட்டியபின் வண்டும் புழுவும் தேடும். கூடெல்லாம் கட்டாது. தரையில் லேசாகக் குழி பறித்து, பெரும்பாலும் இரண்டு முட்டை. முட்டையும் கூழாங்கல் நிறம்தான். நரி வருவது தொலைவிலேயே கண்ணில் பட வேண்டும். புல் வளர்ந்துவிட்டால் அது நடக்காது.

1953-இல் மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்கு வந்தது. முயல்கள் கிட்டத்தட்ட பூண்டோடு அழிந்தன. அப்புறம் புல் உயர்ந்தது, புல்லுக்குள் மரக்கன்றுகள் தலைகாட்டின. ஏற்கெனவே 1920-களிலிருந்து பக்கத்து நிலங்களைப் பைன் தோட்டம் விழுங்கியிருந்தது, மிச்சத்தில் உழவு. 1980-களின் நடுவில் பிரிட்டன் முழுக்க இந்தப் பறவையில் 200 ஜோடிகூட இல்லை.

மரம் நட்டால் நல்லது என்றே நமக்குப் பழக்கம். இங்கே தானாக முளைத்த மரத்தையும் பிடுங்குகிறார்கள். "சும்மா விடுங்கள், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சு இந்த நிலத்துக்குப் பொருந்தாது என்பதுதான் என் எண்ணம். வேலி போட்டு முயலைக் காக்கிறார்கள், நரியைத் தடுக்கிறார்கள். ஆடு மேய்க்கிறார்கள். சில இடங்களில் மண்ணையே கிளறிவிடுகிறார்கள்.

[காட்சி: முயல் வளை வாயிலில் வீட்டியர்]

முயலின் பழைய வளைக்குள் வீட்டியர் என்ற சின்னப் பறவை கூடு வைக்கும். வானம்பாடி இனத்தைச் சேர்ந்த வுட்லார்க்கும் இங்கே உண்டு. கதிர்போல நீலப் பூ பூக்கும் அபூர்வமான ஸ்பீடுவெல் செடியையும் பார்க்கலாம்.

சரி, பார்க்கப் போவதானால்? குளிர்காலத்தை ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம் கழிக்கும் ஸ்டோன் கர்லூ மார்ச் மாதம் திரும்பத் தொடங்கும். ஏப்ரலிலிருந்து மறைவிடக் குடிலில் உட்கார்ந்து பார்க்கலாம், புல்வெளிக்குள் இறங்காதீர்கள். காலையோ சாயங்காலமோ போங்கள். உச்சி வெயிலில் கானல் அலையடிக்கும், தொலைநோக்கி இருந்தாலும் பறவை எது, கல் எது என்று பிரிக்க முடியாது.