சுருளைக் காத்த எழுத்தர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவர் சொன்னது பலித்ததா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஞாயிறுதோறும் வேதபாடம் கேட்டு வளர்ந்தவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். பைபிளைத் திறந்தே பார்க்காதவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி வேறு. சொன்னதை யார் எழுதி வைத்தார்கள்? எதற்காக எழுதி வைத்தார்கள்? பழைய இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஆராய்ச்சியில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தெய்வத்தின் பெயரால் எழுந்து பேசியவர்கள் இஸ்ரவேலில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், மாரி என்று ஒரு பழைய நகரம். 1933ஆம் ஆண்டு அது கண்டறியப்பட்டது. ஆந்த்ரே பரோ என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே அகழ்வாய்வு நடத்தினார். அரண்மனை இடிபாடுகளுக்குள்ளிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் பல, கி.மு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட சிம்ரி-லிம் என்ற அரசனுக்கு அவனுடைய அதிகாரிகள் எழுதிய கடிதங்கள். இன்ன ஊர்க் கோயிலில் இன்னார் ஆவேசம் வந்து எழுந்து நின்றார், தெய்வம் அரசருக்கு இப்படிச் சொல்லச் சொன்னது என்று அந்தக் கடிதங்களில் செய்தி வருகிறது.

ஒரு கடிதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சகராத்தும் என்ற ஊரின் ஆளுநரிடம் தாகான் தெய்வத்தின் தீர்க்கதரிசி ஒருவர் வருகிறார். எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி வேண்டும் என்கிறார். கொடுக்கிறார்கள். நகர வாசலுக்கு முன்னால், உயிரோடிருந்த அந்தக் குட்டியைப் பச்சையாகவே தின்கிறார். ஊர்ப் பெரியவர்களை வாசலில் கூட்டச் சொல்லி, "விழுங்குதல் ஒன்று நடக்கப்போகிறது" என்று அறிவிக்கிறார். ஆளுநர் இதை அப்படியே அரசனுக்கு எழுதி அனுப்புகிறார். இப்படிச் செய்தி அனுப்பும்போது, பேசியவரின் தலைமயிரில் ஒரு கற்றையையும் ஆடையின் ஓரத்தில் ஒரு துண்டையும் கூடவே அனுப்பும் வழக்கமும் இருந்தது. அவர் சொன்னது மெய்தானா என்று அரண்மனையில் குறி பார்த்துச் சரிபார்ப்பதற்காக.

நீதியைப் பற்றிப் பேசியவர்கள் எபிரெயத் தீர்க்கதரிசிகள் மட்டுமே என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதுவும் சரியில்லை. அலெப்போ நகரத்துத் தெய்வமான அதாது இதே சிம்ரி-லிமுக்கு அனுப்பிய வாக்கு ஒன்று இருக்கிறது. அநியாயத்துக்கு ஆளான ஆணோ பெண்ணோ உன்னிடம் முறையிட்டால், எழுந்து நின்று அவர்களுடைய வழக்கைத் தீர்த்து வை என்கிறது அது. எபிரெயத் தீர்க்கதரிசியான ஆமோசுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது அந்த வாக்கு.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? மாரியின் வாக்குகள் அரசனுக்காக எழுதப்பட்டன, அரசனுடைய அரண்மனையில் வைக்கப்பட்டன. பாபிலோனை வெல்வாய் என்று அவனுக்கு வாக்குச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் பாபிலோனின் ஹமுராபி மாரியை அழித்தான். அரண்மனை விழுந்ததும் வாக்குகளும் மண்ணுக்குள் போயின. மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகள் அவற்றைப் படிக்க ஆளில்லை. எருசலேமிலும் அரண்மனை விழுந்தது, ஆலயம் எரிந்தது. ஆனால் அங்கே பேசப்பட்ட வாக்குகள் ஒருநாளும் வாசிக்கப்படாமல் போகவில்லை. அரண்மனைக்கு வெளியே யாரோ அவற்றை வைத்திருந்தார்கள். அந்த "யாரோ" யார் என்பதைத்தான் இனிமேல் பேசப்போகிறேன். எனக்கு மிகவும் பிடித்தமான இடம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைபிளில் எரேமியா என்ற தீர்க்கதரிசியின் புத்தகம், 36ஆம் அதிகாரம். எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதாவின் அரசன் யோயாக்கீம். எரேமியா ஆலயத்துக்குள் நுழையத் தடை. ஆகவே பாருக் என்ற எழுத்தரை அழைத்து, இத்தனை ஆண்டுகளாகத் தாம் பேசியதையெல்லாம் வாயால் சொல்லச் சொல்ல, அவர் சுருளில் எழுதுகிறார். மறு ஆண்டு, ஒன்பதாம் மாதம், ஒரு உபவாச நாள். ஊர் முழுவதும் ஆலயத்தில் கூடியிருக்கிறது. எதற்காக உபவாசம்? புத்தகம் காரணம் சொல்லவில்லை. ஆனால் பாபிலோனிய வரலாற்றுப் பலகை ஒன்று, கி.மு. 604இல் ஏறத்தாழ அதே மாதத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கடற்கரை நகரமான அஸ்கலோனைப் பிடித்து மண்மேடாக்கினான் என்று பதிவு செய்திருக்கிறது. எருசலேமிலிருந்து சில நாள் நடையில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த நகரம் அது. அந்தச் செய்தி வந்து சேர்ந்த கலக்கத்தில்தான் மக்கள் கூடினார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் பாருக் சுருளை வாசிக்கிறார். எங்கிருந்து வாசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். கெமரியாவின் மகன் ஓடிப்போய் அதிகாரிகளிடம் சொல்கிறான். அவர்கள் பாருக்கை வரவழைத்து, உட்கார்ந்து எங்களுக்கும் வாசி என்கிறார்கள். கேட்டதும் ஒருவரையொருவர் பயத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள். இதை எப்படி எழுதினாய் என்று கேட்கிறார்கள். எரேமியா சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்கிறார் பாருக். நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்கிறார்கள் அந்த அதிகாரிகள். அரசனிடம் சம்பளம் வாங்கும் அதிகாரிகள்!

மூன்றாவது வாசிப்பு அரசனுக்கு முன்னால். குளிர்காலம். கணப்புச் சட்டியில் நெருப்பு எரிகிறது. யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும், எழுத்தர்கள் வைத்திருக்கும் சிறு கத்தியால் அரசன் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி மூன்று நான்கு பத்தி. மறுபடி அறுத்து நெருப்பில். சுருள் முழுவதும் தீரும்வரை இதேதான். கோபத்தில் மொத்தமாகத் தூக்கி எறியவில்லை, நேயர்களே. உட்கார்ந்து, கேட்டு, அளந்து அளந்து அறுக்கிறான். எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் அவனைக் கெஞ்சினார்கள். அந்த மூவரில் ஒருவர், கெமரியா.

அப்புறம் என்ன நடந்தது? எரேமியா இன்னொரு சுருளை எடுத்து பாருக்கிடம் கொடுக்கிறார். எரிந்துபோன எல்லா வார்த்தைகளையும் மறுபடி எழுத வைக்கிறார். அதோடு, அவை போன்ற இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அதிகாரம் முடிகிறது. சேர்க்கப்பட்டன. இந்தக் கடைசி வரியையும் மனத்தில் வையுங்கள்.

இது நடந்ததை நடந்தபடி எழுதிய அறிக்கைதானா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் யோயாக்கீமின் தந்தை யோசியாவின் காலத்தில், கெமரியாவின் தந்தை சாப்பான் ஒரு சுருளை அரசனுக்கு வாசித்துக் காட்டினார். யோசியா தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு மனம் வருந்தினான். இங்கே மகன் ஆடையைக் கிழிக்கவில்லை என்று எரேமியா புத்தகம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தந்தையையும் மகனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் கைத்திறன் இதில் இருக்கிறது. அதற்காக இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா?

1982இல் எருசலேமின் தாவீதின் நகரம் என்ற பகுதியில் யிகால் ஷிலோ என்ற அகழ்வாய்வாளர் ஒரு பழைய வீட்டைத் தோண்டினார். பாபிலோனியர் கி.மு. 586இல் கொளுத்திய வீடு அது. உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு களிமண் முத்திரைகள். ஆவணத்தைச் சுருட்டிக் கயிறு கட்டி, முடிச்சின்மேல் களிமண் வைத்து முத்திரை குத்துவார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஆவணங்கள் எரிந்துபோயின. அதே நெருப்பு களிமண்ணைச் சுட்டு இறுக்கிவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கிற எழுத்து: சாப்பானின் மகன் கெமரியாவுக்கு உரியது. தந்தை பெயர், மகன் பெயர், காலம், நகரம் எல்லாம் பொருந்துகின்றன. பாருக்குக்கு அறையைத் திறந்துவிட்ட மனிதர் இவரே என்பது பெரும்பாலோர் முடிவு. பாருக்கின் பெயரிலேயே ஒரு முத்திரை சந்தையில் வந்தது. அது போலி என்று பின்னால் ஆய்வு செய்தவர்கள் காட்டிவிட்டார்கள். கெமரியாவின் முத்திரை அப்படி விற்பனைக்கு வந்ததல்ல, மண்ணுக்குள்ளிருந்து அகழ்வாய்வில் எடுத்தது. இந்த வேற்றுமை மிகவும் முக்கியம்.

சாப்பானின் வீட்டாரை இன்னும் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூச்சலிட்டபோது காப்பாற்றியவர் சாப்பானின் இன்னொரு மகன் அகீக்காம். நகரம் விழுந்த பிறகு ஆளுநராகி, எரேமியாவுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அகீக்காமின் மகன் கெதலியா. மூன்று தலைமுறை. தனியாக நின்று அரசனை எதிர்த்த மனிதர் என்றே எரேமியாவைப் படம் பிடிக்கிறோம். அவருக்குப் பின்னால் எழுதப் படிக்கத் தெரிந்த, பதவியில் இருந்த, ஆபத்தைத் தெரிந்தே ஏற்ற ஒரு குடும்பம் இருந்தது. அந்த "யாரோ" இவர்கள்தாம், இவர்களைப் போன்றவர்கள்தாம்.

இதில் எனக்குப் பழைய ஆராய்ச்சியாளர்களோடு ஒரு வழக்கு உண்டு. பெர்னார்ட் டூம் என்ற மேதை 1901இல் எரேமியாவுக்கு உரை எழுதினார். எரேமியாவின் சொந்த வாக்கு சுமார் 280 வசனம், பாருக் எழுதிய வரலாறு சுமார் 220, மற்ற 850 வசனங்கள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்று பிரித்தார். பிரித்தது தவறில்லை. அதற்குமுன் ஏசாயா புத்தகத்தில் வேறுவேறு காலத்துக் குரல்கள் இருப்பதை அவர் பிரித்துக் காட்டியதற்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சேர்த்தவர்களைத் தரம் குறைந்தவர்கள் என்று அவர் ஒதுக்கியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எரேமியாவின் கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரெய நூலைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. மொழிபெயர்த்தவர்கள் சுருக்கிவிட்டார்கள் என்று முன்பு பலர் நினைத்தார்கள். சாக்கடல் குகைகளிலிருந்து அந்தக் குறுகிய வடிவத்துக்கு ஒத்த எபிரெயத் துணுக்குகளே கிடைத்தன. ஆகவே புத்தகம் இரண்டு வடிவங்களில் வளர்ந்து வந்திருக்கிறது. இதை அந்தப் புத்தகம் மறைக்கவும் இல்லையே! அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டன என்று அதுவே சொல்கிறது. நாட்டை இழந்து, பாபிலோனிலும் எகிப்திலும் இருந்தவர்கள், இந்த வாக்கு இன்று நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அந்த 850 வசனங்களையும் நான் அதே மரியாதையோடுதான் வாசிக்கிறேன்.

சரி, பேசிய அந்த நாளில் மக்களுக்கு எது மெய் என்று தெரிந்ததா? தெரியவில்லை. எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்குப் பணியுங்கள் என்கிறார். அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லாரும் பார்க்க, அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்து, இரண்டே ஆண்டில் விடுதலை என்கிறார். இருவரும் "கர்த்தர் இப்படிச் சொல்கிறார்" என்றே பேசினார்கள். அனனியா சொன்னபடி ஆகட்டும், ஆமென் என்று எரேமியாவே சொன்னார். நுகம் உடைந்ததும் பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். அவருக்கும் அந்த நேரத்தில் கையில் விடை இல்லை.

நேரம் குறைவாக இருக்கிறது என்று சைகை வருகிறது. கடைசியாகச் சொல்ல வைத்திருந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பலிக்காத வாக்குகளையும் இந்த எழுத்தர்கள் அழிக்கவில்லை. தீரு நகரம் நேபுகாத்நேச்சாரிடம் விழுந்து சூறையாடப்படும் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னார். அவன் நெடுங்காலம் முற்றுகையிட்டும் கூலி கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக எகிப்து அவனுக்குக் கிடைக்கும் என்று பிறகு அவரே சொன்னார். 26ஆம் அதிகாரத்தில் முதல் வாக்கு, 29இல் திருத்தம். இரண்டும் ஒரே புத்தகத்தில், தேதியோடு இருக்கின்றன. உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். சாப்பான் வாசித்த சுருள் மெய்யானதுதானா என்று அறிய, யோசியா ஆள் அனுப்பியது இந்தப் பெண்ணிடம்தான். நீ சமாதானத்தோடு உன் கல்லறையில் சேர்க்கப்படுவாய் என்று அவள் அரசனுக்குச் சொல்லி அனுப்பினாள். கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோ யோசியாவைக் கொன்றான். அவள் சொன்னதும் அவன் செத்த விதமும் அடுத்தடுத்த அதிகாரங்களில் இருக்கின்றன. எழுதியவர்கள் ஒன்றுக்காக மற்றொன்றைத் திருத்தவில்லை. இன்று வீட்டில் நேரம் கிடைத்தால், இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தில் 22, 23 இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

வணக்கம்.