பரங்கிமலைச் சிலுவையில் எழுதியிருப்பது என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைப் பரங்கிமலை உச்சியில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போனவர்கள், பலிபீடத்தில் பதித்திருக்கும் பழைய கற்சிலுவையைப் பார்த்திருப்பீர்கள். 1547இல் போர்ச்சுகீசியர் அங்கே கோயில் எழுப்பக் கடைக்கால் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது அது. ஒரே பலகையில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. முனைகள் மொட்டுப் போல விரிந்திருக்கும். மேலே தலைகீழாக இறங்கிவரும் ஒரு புறா. அடியில் தாமரை இதழ் மாதிரி விரியும் இலைகள். இரு பக்கமும் தூண், தூணின்மேல் மகரம் என்ற கோயில் சிற்ப விலங்கு, அங்கிருந்து எழும் வளைவு. மகரத்தைப் பார்த்தால் உளி பிடித்தவர் நம் பக்கத்து ஆள் என்றே தோன்றும். ஆனால் வளைவை ஒட்டி ஓடும் எழுத்து இந்தப் பக்கத்தது அல்ல.

போர்ச்சுகீசியருக்கு அந்த எழுத்து புரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, கற்றறிந்த ஒரு பிராமணரை அழைத்துவந்து படிக்கச் சொன்னார்கள். அவரும் படித்தார். புனித தோமையார் இந்நாட்டுக்கு வந்தது, அற்புதங்கள் செய்தது, இந்த மலையில் ஈட்டியால் குத்துப்பட்டு இறந்தது, அவருடைய ரத்தம் சிலுவையில் படிந்தது என்று முழு வரலாறும் அதில் இருந்ததாம். இவ்வளவு சின்ன வரிக்குள் இவ்வளவு பெரிய கதையா என்று கேட்டால், ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் பல சொற்கள் அடக்கம் என்று விளக்கம். இன்னொருவரை வரவழைத்துக் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்பவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று தெரிந்துவிட்டால் கல்வெட்டுப் படிப்பது சுலபம்தான்.

அதற்குப் பிறகு 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1873இல்தான் பர்னெல் என்ற ஆங்கிலேய நீதிபதி, இது பஹ்லவி எழுத்து என்று அச்சில் சொன்னார். பஹ்லவி என்றால், இஸ்லாத்துக்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானியர் காலத்துப் பாரசீகம். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை எழுதிய அதே பர்னெல்தான். எழுத்தைச் சரியாக இனங்கண்டார், சரி. ஆனால் அவர் படித்த பாடமோ, சிலுவையில் துன்புற்றவர்தாம் மெய்யான கிறிஸ்து, மேலான கடவுள், என்றும் தூய வழிகாட்டி என்கிற மாதிரி ஒரு விசுவாச அறிக்கை. மியூனிக்கில் இருந்த ஹவுக் அதே வரியில், மெசியாவையும் மேலே உள்ள கடவுளையும் தூய ஆவியையும் நம்புகிறவனுக்கு அருள் உண்டு என்று கண்டார். இருவரும் பெரிய படிப்பாளிகள். சிலுவையில் எழுதியிருப்பது சிலுவையைப் பற்றித்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு இருவருமே உட்கார்ந்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பஹ்லவி அப்படிப்பட்ட எழுத்து. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், பழகினவர் இடம்பார்த்துப் படித்துக்கொள்வார். பஹ்லவியில் அந்தச் சங்கடம் பல மடங்கு. கூட்டெழுத்தாக எழுதும்போது வ, ர, ன மூன்றுமே ஒரே கோடாக வந்து நிற்கும். அப்புறம், சில சொற்களை அரமேய மொழியில் எழுதிவிட்டுப் பாரசீகத்தில் படிப்பார்கள். ‘மல்கா’ என்று எழுதியிருக்கும், வாய் ‘ஷா’ என்று சொல்லும். போதாததற்கு, இந்த வரி வளைவைச் சுற்றி ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்பதையே முதலில் முடிவுசெய்தாக வேண்டும்.

1920களின் இறுதியில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வின்க்வொர்த் ஒரு புதிய பாடம் தந்தார். ‘என் ஆண்டவராகிய கிறிஸ்துவே, இதைச் செதுக்கிய, சிரியனாகிய சாகர்புக்தின் மகன் அஃப்ராஸ்மேல் இரங்கும்.’ அவ்வளவுதான். தோமையாரும் இல்லை, இறையியலும் இல்லை. காசு கொடுத்தோ கைப்பட உழைத்தோ கல்லை நிறுவிய ஒருவன், தன் பெயரையும் அப்பன் பெயரையும் சொல்லி இரக்கம் கேட்கிறான். நம் கோயில் தூண்களில் ‘இத்தூண் இன்னார் தன்மம்’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

இதிலும் எல்லாச் சொல்லும் உறுதியாகிவிடவில்லை. பின்னால் வந்த ஒரு வாசிப்பில் அஃப்ராஸ் போய் சப்ரீசோ வந்தார். ‘சிரியன்’ என்பது ‘சூராயின் மகன்’ ஆயிற்று. ‘செதுக்கிய’ என்ற இடத்தில் ‘கொண்டுவந்த’ என்றார்கள். அசையாமல் நிற்பது அந்த அப்பன் பெயர். புக்த் என்றால் மீட்கப்பட்டவன். பாரசீகத் திருச்சபையில் ஈசோபுக்த் என்றுகூட ஒரு பேராயர் இருந்தார். கல்லை வைத்தவன் குடும்பத்தின் ஊர்ப்பக்கத்தை இந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

சப்ரீசோ என்றதும் கேரள வரலாறு படித்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்தின் செப்பேட்டில் மருவான் சபீர் ஈசோ என்ற கிறிஸ்தவர் வருகிறாரே! வேணாட்டு அய்யனடிகள், சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 849இல், கொடுத்த சாசனம் அது. வாசகம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகளோ கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும். இரண்டு இடத்திலும் வருபவர் ஒரே ஆள்தானா? கைபரபரக்கும். ஆனால் சப்ரீசோ பாரசீகத் திருச்சபையில் சர்வசாதாரணமான பெயர்; ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தலைமைப் பிதாவாக இருந்தவருக்கே அந்தப் பெயர்தான். பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஆளை ஒட்டவைத்தால், பிராமணர் சொன்ன கதைக்கே திரும்பிவிடுவோம். செப்பேடு நமக்கு உதவுவது வேறு விதத்தில்: ஆண்டு தெரிந்த பஹ்லவிக் கையெழுத்துகள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. சிலுவையில் ஆண்டு இல்லை. எழுத்தின் சாயலை வைத்துத்தான் ஏழு, எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செம்பில் கீறிய எழுத்தையும் கல்லில் வெட்டிய எழுத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்பதால் நான் இதில் அடித்துப் பேச மாட்டேன். 1912இல் அநுராதபுர அகழாய்வில் கிடைத்த சிலுவையில் எழுத்தே கிடையாது. ஆறாம் நூற்றாண்டில் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் காஸ்மாஸ் என்ற பயணி எழுதிய குறிப்பைத்தான் அங்கே காலம் கணிக்கத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது வேறொன்று. இதே வரி கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை, ஆலங்காடு என்று கேரளத்துத் தேவாலயங்கள் பலவற்றில் இருக்கிறது. ஒரு தனி ஆளின் வேண்டுதலை எதற்காக இத்தனை ஊரில் வெட்ட வேண்டும்? பரங்கிமலையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. கோட்டயம் வலியபள்ளிக்குப் போனால் ஒரு தடயம் உண்டு. அங்கே இரண்டு சிலுவைகள். ஒன்றில் பஹ்லவி மட்டும். பிந்தியது என்று கருதப்படும் மற்றதில் பஹ்லவியோடு சிரியாக் மொழியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் சிலுவையைத் தவிர வேறெதைக் குறித்தும் நான் பெருமை பாராட்டேன் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது. வழிபாட்டு மொழியான சிரியாக் குருமார்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சேர்த்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்த பஹ்லவி வரி படிக்கத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். புறாவையும் தாமரையையும் போல அதுவும் சிலுவையோடு வந்தாக வேண்டிய ஒரு வேலைப்பாடு என்று, முன்னிருந்த கல்லைப் பார்த்து அப்படியே வெட்டியிருப்பார்கள்.

வணக்கம்.