ஒரே வீட்டில் நன்னா தமிழர், அவர் தங்கை மலாய்க்காரர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். பினாங்கு சூலியா ஸ்ட்ரீட்டில், நாகூர் தர்கா முனையில் நின்றுகொண்டு பேசுகிறேன். பின்னால் மோட்டார் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கே இந்தத் தெரு இப்படித்தான்.

என் கையில் இருப்பவை இரண்டு பிறப்புப் பத்திரங்கள். ஒன்று 1919, இன்னொன்று 1924. முதலாவது என் அத்தாவின் அத்தாவுடையது, அதாவது என் நன்னா. இரண்டாவது அவருடைய தங்கையுடையது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீட்டு முகவரி. ஆனால் தகப்பனின் இனம் என்ற இடத்தில் நன்னாவுடையதில் 'தமிழர்', தங்கையுடையதில் 'மலாய்'. ஐந்து வருடத்தில் ஒரு மனிதர் எப்படித் தமிழரிலிருந்து மலாய்க்காரர் ஆவார்?

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு விடை தயாராக இருந்தது. "அது எடுத்து வளர்த்த பிள்ளை." பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எனக்கு இது வெறும் வம்பு இல்லை. அந்தத் தங்கைதான் என் அம்மாவைப் பெற்ற நன்னி. ஆமாம், என் அத்தா கட்டியது சொந்த மாமி மகளை, அதாவது தன் அத்தாவின் தங்கை மகளை. நம் ஆட்களிடம் இது புதிதா என்ன? குடும்ப மரம் வரையும் ஆப் ஒன்றில் எல்லாரையும் ஏற்றியபோது ஒரே தம்பதி இரண்டு பக்கமும் வருகிறார்கள் என்று சிவப்புக் குறி போட்டுப் பயமுறுத்தியது. எட்டுக் கொள்ளுத் தாத்தா பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஆறு பேர்தான்.

சரி, பழைய சென்சஸில் தேடலாம் என்று இறங்கினேன். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தில், அமெரிக்காவில் பழைய கணக்கெடுப்புத் தாளில் வீட்டுக்காரர் பெயர், மனைவி பெயர், வயது, தொழில் எல்லாம் வரும். நம் ஊரில் நமக்குப் படிக்கக் கிடைப்பவை அச்சிட்ட அறிக்கைகள். அவற்றில் இருப்பது எண்ணிக்கைதான், பெயர் கிடையாது. இரண்டு நாள் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, கோபத்தில் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் எண்களை விட்டுவிட்டுத் தலைப்புகளைப் படித்தேன்.

1871 நீரிணைக் குடியேற்றக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்தது. அதில் மக்களை எழுதிய பட்டியல் நீளமானது: அச்சே, பூகிஸ், பாவியன், பார்சி, சீயாம் என்று போகிறது. நம்மவர்களுக்கு 'கிளிங்'. இன்று யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடி விழும், ஆனால் 1801இல் கட்டத் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் அதே பெயரோடு நிற்கிறது. அந்தப் பட்டியலில் இரண்டு கலப்புகளுக்கு மட்டும் தனிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். ஒன்று யுரேசியன், அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு. இன்னொன்று 'ஜாவி பெக்கான்'. தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்களை இங்கே அப்படித்தான் சொன்னார்கள். ஜாவி பெரானாக்கான் என்றால் இன்னும் பலருக்குப் புரியும்.

1891 அறிக்கைக்கு வந்தால் மக்களைப் பெரிய கூட்டங்களாகக் கட்டிவிடுகிறார்கள். 'தமிழர்களும் மற்ற இந்தியர்களும்' என்று ஒரு கூட்டம். 'மலாய்க்காரர்களும் தீவுக்கூட்டத்து மக்களும்' என்று இன்னொன்று. ஜாவி பெக்கானை எங்கே வைத்தார்கள் தெரியுமா? மலாய்க் கூட்டத்தில். அப்புறம் 1921 பட்டியலைப் பாருங்கள், அந்தப் பெயரே காணோம். வீட்டை விட்டு யாரும் நகரவில்லை. பெட்டிதான் நகர்ந்தது.

என் கொள்ளுத் தாத்தா நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் கட்டியது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு ஜாவி பெக்கான் வீட்டுப் பெண்ணை. இது அபூர்வமான கதை இல்லை. பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1794லேயே எழுதி வைத்திருக்கிறார்: சூலியாக்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள், ஓராயிரம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள், சிலருக்குக் குடும்பம் உண்டு, அது போக வருடா வருடம் சோழமண்டலக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 ஆண்கள் வந்து சம்பாதித்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று. வந்தவர்கள் ஆண்கள், அதைக் கவனியுங்கள். 1921இல் கூட மலாயா இந்தியர்களில் 1000 ஆண்களுக்குச் சுமார் 400 பெண்கள்தான். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. என் கொள்ளுத் தாத்தா அப்படி இல்லை என்று அத்தா அடித்துச் சொல்கிறார். நான் நாகூர் போகும்வரை அத்தா சொல்வதே இருக்கட்டும்.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். எல்லாரும் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஓரத்தில் 'தகவல் தந்தவர்' என்று ஒரு இடம் இருக்கிறது, அதைப் பாருங்கள். 1919இல் பிறப்பைப் பதியப் போனவர் தகப்பனார். அவர் நாகூர்க்காரர், 'தமிழர்' என்று சொல்லியிருக்கிறார். 1924இல் போனது அவருடைய மைத்துனர், அதாவது நன்னாவின் தாய்மாமன். மாமன் வீட்டார் காலங்காலமாக ஜாவி பெக்கான். அந்தப் பெயருக்கு 1921 பட்டியலிலேயே இடமில்லை. மாமன் வீட்டில் பேசுவதைச் சொன்னார், எழுத்தர் 'மலாய்' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். நன்னி எடுத்து வளர்த்த பிள்ளை இல்லை. பெயர் போடாத அந்த சென்சஸ் தலைப்புகள்தான் எனக்கு இதைக் காட்டின.

1931 கணக்கெடுப்பை நடத்திய விலீலாண்ட் (Vlieland) என்ற அதிகாரி தன் அறிக்கையில் அலுத்துக்கொள்கிறார். கீழைநாட்டு மக்களுக்கு இனம் என்பது தெளிவாகப் புரிவதில்லை, மதத்தைத்தான் முக்கியமாக நினைக்கிறார்கள் என்று. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் நின்று கேள்வி கேட்டவருக்குத்தானே பெட்டி தேவைப்பட்டது, எங்கள் கொள்ளுப் பாட்டிக்கா? ஆனால் மனிதர் பிரச்சினையை ஒளிக்காமல் எழுதினாரே, அதற்கு ஒரு சலாம்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பத்திரத்தில் 'இந்தியா', என்னுடையதில் 'மெலாயு', அதாவது மலாய். அத்தாவிடம் ஏன் என்று கேட்டேன். "அன்றைக்குக் கவுண்டரில் யார் உட்கார்ந்திருந்தார்களோ, யார் கண்டது" என்றார்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் நேர் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், உடன்பிறந்தவர்கள் எல்லாருடைய பத்திரத்தையும் சேர்த்து மேசையில் பரப்புங்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் நிக்காஹ்வைப் பதியும் காதியின் பதிவேட்டையும் விசாரியுங்கள். 1880இல் இங்கே முகமதியத் திருமணச் சட்டம் வந்தது, அதிலிருந்து நிக்காஹ் பதிய வழி உண்டு. அன்று கட்டாயம் இல்லை என்பதால் எல்லார் பெயரும் இருக்காது. எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. மரைக்காயர் என்பது மரிக்கான், மெரிக்கான் என்று விதவிதமாக வரும்.

என் நன்னாவின் நிக்காஹ் தாளைத் தேடிப் போனபோதுதான் கதை திரும்பியது. மணப்பெண், அதாவது என் அத்தாவைப் பெற்றவர். பெயருக்குப் பின்னால் 'பிந்தி அப்துல்லா', அதாவது அப்துல்லாவின் மகள், என்று இருந்தது. அப்துல்லா என்று எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. மார்க்கத்துக்கு வந்தவர்களுக்கும், எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கும் தகப்பன் பெயர் இடத்தில் அப்துல்லா என்று போடுவது வழக்கம். சீனக் குடும்பங்கள் கஷ்டத்தில் பெண் குழந்தைகளைக் கொடுப்பதும், நம்மவர்கள் வாங்கி வளர்ப்பதும் இந்தத் தீவில் நிறைய நடந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது எனக்குத் தெரியுமே" என்றார். "யார் கேட்டீர்கள்?" இத்தனை வருடம் குடும்பமே தவறான ஆளைப் பற்றிக் கிசுகிசுத்திருக்கிறது. அதுவும் அம்மாவைப் பெற்றவரைப் பற்றி. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாமியார் மேல் அவ்வளவு மரியாதை.

ஆக, என் ஆறு பேரில் இரண்டு பெட்டி காலி. எந்த அறிக்கையிலும் அந்த இருவரை நான் கண்டுபிடிக்கப் போவதில்லை. அம்மா மட்டும் ஒன்று சொன்னார். மாமியார் தமிழில் திட்டுவாராம், மலாயில் கொஞ்சுவாராம், ஆனால் முந்தானையிலிருந்து காசை எடுத்துத் தனியாக எண்ணும்போது மட்டும் ஹொக்கியன் சீனத்தில் எண்ணுவாராம். சிட், நோ, சா, சி, கோ.